இழுவைப் பாலத்து அக்கா

"நான் பாக்கல" என்பது நாமெல்லாம் ஒரு வம்பிலிருந்து தப்பித்துக்கொள்ளச் சொல்கிற வார்த்தை. அந்த அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே எல்லா வம்பிலும் போய் மாட்டிக்கொண்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனசில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாலத்துக்காரி என்பார்கள். நான் அக்கா என்பேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கமுதிக்காரனான என்னைக் கடலாடிக்குத் தெற்கே ஒரு செக்‌ஷன் ஆபீசில் ஓவர்சியராகப் போட்டிருந்தார்கள். இருபத்திநாலு வயது. ஆறு கடலில் சேர்வதற்கு ரெண்டு மைல் முன்னால் இருந்த ஒரு பழைய கல்பாலம் என் பொறுப்பில் வந்தது. ஆறு என்று சொன்னாலும் வருஷத்தில் பத்து மாசம் அதில் கடல் உப்புத்தண்ணீர்தான் ஏறி இறங்கும். பாலத்தில் வண்டி போக முடியாது. எதிரும் புதிருமாக ரெண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரை ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவுதான் அகலம். அந்தக் காலத்தில் உப்புத் தோணிகளைக் கயிறு கட்டி ஆட்கள் கரையோடு இழுத்துக்கொண்டு மேலே போவார்களாம். அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கரை சேறாகிவிடும் என்பதால், இழுக்கிறவர்கள் கயிற்றை விடாமல் அடுத்த கரைக்கு மாறுவதற்கென்றே கட்டிய பாலம் அது. அதனால்தான் இழுவைப் பாலம்.

நான் போன புதிதில் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பழைய பாலங்களுக்கெல்லாம் ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். யார் கட்டியது, எப்போது கட்டியது, எதற்காக. நான் ஊர் ஊராகப் போய்க் கேட்டேன். ராஜா கட்டினது என்றார் ஒருவர். இல்லை, டச்சுக்காரன் என்றார் இன்னொருவர். நடுத்தூணில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பலி கொடுத்துப் புதைத்திருக்கிறது என்று ஒரு பெரியவர் கூட இருந்து பார்த்த மாதிரிச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

பாலத்தின் மேற்குக் கோடியில் உப்பு மூட்டைகளைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கி ஒன்று இடிந்துபோய்க் கிடந்தது. அதில் கூரை மிச்சமிருந்த ஒரு அறையில்தான் அக்கா குடியிருந்தார். அவருடைய அய்யா அந்தப் பாலத்தில் தண்ணீர் அளவு பார்க்கிற லஸ்கராக இருந்தவர். அவர் செத்தபிறகு அந்த உப்பு வெளியில் வந்து குடியிருக்க யாரும் சம்மதிக்காததால், மகளே அளவு பார்க்கட்டும் என்று ஆபீசில் விட்டுவிட்டார்கள். தூணில் கோடு கோடாகச் செதுக்கியிருக்கும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும். உயரமான, எலும்பான உடம்பு. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் புருவத்துக்கு மேலே ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

"இந்தப் பாலத்த யாரு கட்டுனதுக்கா?"

"நான் பாக்கலையே, ஓவர்சியரய்யா."

"அது சரி. பெரியவங்க என்ன சொல்றாக?"

"அவுகளும் பாக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "வாங்க, இருக்கறதக் காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார்.

கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் என் கையைப் பிடித்து வைத்தார். கல்லில் விரல் அளவு ஆழத்துக்கு வழவழவென்று பள்ளம் பள்ளமாக இருந்தது. கயிறு உரசி உரசி விழுந்த தடம். பிறகு எதிர்ச் சுவருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. "மேல ஏறும்போதுதான் இழுத்திருக்காக. எறங்கும்போது தண்ணியே கொண்டு போயிரும்போல. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஒரே ஒரு தோணி இப்படிப் போச்சு. ஏழு பேரு இழுத்தாக. அதுக்குப் பெறகு ஒண்ணும் வரல. அத நான் பாத்தேன். எழுதிக்கிருங்க." நடு வளைவில் கல்லின் நிறம் மாறுவதைக் காட்டினார். "இது வேற கல்லு. ஒரு தடவ விழுந்து எடுத்துக் கட்டியிருக்காக. எப்பன்னு தெரியாது." கிழக்குக் கோடியில் ஒரு கல்லில் ரெண்டு பாதம் செதுக்கியிருந்தது. "உங்காளுக ராமர் பாதம்ங்கிறாக. எங்க கோயில்ல, ஒரு புனிதர் நடந்து போன தடம்ங்கிறாக. பாதம்னு தெரியுது. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

நான் எழுதி வைத்திருந்த ராஜாவையும் டச்சுக்காரனையும் அடித்துவிட்டு அவர் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினேன். மேலிடத்தில் அது பிடிக்கவில்லை. குறிப்பு போதாது என்று திரும்பி வந்தது. அக்காவிடம் சொன்னேன். "அப்ப அவுகளே வந்து பாக்கட்டும்" என்றார்.

அவர் கத்தோலிக்கப் பெண். ரெண்டு மைலில் கடற்கரையில் மீன்பிடிக்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அங்கே நடந்து போய்வருவார். கோயிலில் கடைசி வரிசையில் தனியாகத்தான் உட்கார்வார் என்று சொல்வார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், "வேற ஏதும் பாவம் இருக்காம்மா, யோசிச்சுப் பாரு" என்று கேட்டதற்கு, "செய்யாததச் சொன்னா அதுவும் பொய்தான, சாமி" என்று எழுந்து வந்துவிட்டாராம். அந்த ஊரில் வலை அறுப்பு, மீன் பங்கு, படகு முட்டல் என்று எந்தச் சண்டை வந்தாலும் ரெண்டு பக்கத்து ஆட்களும் முதலில் இவரிடம்தான் ஓடி வருவார்கள். யார் எந்த நேரத்தில் பாலத்தில் போனார்கள், கையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். பார்த்ததைச் சொல்வார். தோற்ற பக்கம் அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிடும். ஜெயித்த பக்கமும் அடுத்த சண்டையில் தோற்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். இப்படியே ஒவ்வொரு வீடாகக் கழிந்து, நான் போனபோது அவரோடு பேசுவதற்கு ஊரில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை.

வீட்டில் அவரோடு இருந்தது மாமியார் ஒருத்திதான். அந்தக் கிழவியும் அவரோடு பேசுவது அபூர்வம்.

அது ஏன் என்கிற கதையைக் கிழவிதான் எனக்குச் சொன்னாள். நான் அங்கே போவதற்கு அஞ்சு வருஷம் முன்னால், அக்காவின் புருஷன் தன்னுடைய வள்ளத்தில் ரெண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். காத்து சரியில்லை, போகாதே என்று கரையில் எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. நாலாம் நாள் கூடப் போன ரெண்டு பேர் உடம்பும் கரை ஒதுங்கின. அடுத்து உடைந்த பலகைகள் வந்தன. அவருடைய சட்டை வந்தது. அவர் வரவில்லை.

"சுண்டுவிரல் இல்லாத கைய வச்சுக்கிட்டே வள்ளம் செஞ்சவன் எம் மகன். உளி வெட்டிப் போன விரலு. அந்தக் கையக்கூடக் கடலு எனக்குத் திருப்பிக் குடுக்கல, ஓவர்சியரே" என்று கிழவி அழுதாள். சட்டையைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துச் சிலுவை நட்டார்கள். கிழவி வெள்ளைச் சேலைக்கு மாறினாள். மருமகள் மாறவில்லை.

"சட்டையப் பாத்தேன். அவுகளப் பாக்கல" என்று சாமியாரிடமே சொல்லிவிட்டாராம். தாலியைக் கழற்றவில்லை. கலர்ச் சேலைதான். ஒவ்வொரு வருஷமும் கிழவி மகன் பேருக்குப் பூசை வைப்பாள். மருமகள் அன்றைக்குக் கோயிலுக்குப் போக மாட்டார். சிலபேர், அவன் சாகவில்லை, இலங்கையில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று காதில் போட்டுப் பார்த்தார்கள். "நீ பாத்தியா?" என்று கேட்பார். யாரும் பார்த்திருக்கவில்லை. "நானும் பாக்கல" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார். புருஷன் செத்ததும் அவர் கண்ணில் படவில்லை, துரோகம் செய்ததும் படவில்லை. அழுவதற்கும் கோபப்படுவதற்கும் வழியில்லாமல் ஒரு மனுஷி வருஷக்கணக்கில் இருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

அவர் கதவு வாசல் கிழக்கே பார்த்தது. பாலத்தின் மேல் யார் வந்தாலும் முதலில் அவர் தலை நிமிரும். ஒரு நொடி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு குனிந்துகொள்வார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதும் அப்படித்தான். அந்த ஒரு நொடி எனக்கு உறுத்தலாக இருக்கும். நான் அவர் எதிர்பார்த்த ஆள் இல்லை என்பதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கும்.

எனக்கு அங்கே வேறு துணை இல்லை. ரெண்டு வருஷம், வாரத்தில் மூணு நாள் அந்தக் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். கூடப்பிறந்தவரைப் போலத்தான் நினைத்தேன்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் அது நடந்தது.

தண்ணீர் மூன்றாம் கோட்டைத் தொட்டால் ஓவர்சியர் நேரில் போய்ப் பாலத்தின் ரெண்டு கோடியிலும் முள் அடைத்து ஆட்கள் போவதை நிறுத்த வேண்டும். அன்றைக்கு என் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, லீவு எழுதிக் கொடுக்காமல் முதல் நாளே கமுதிக்குப் போய்விட்டேன். எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. மேலே எங்கோ கொட்டிய மழை விடியற்காலையில் ஆற்றில் இறங்கிவிட்டது. அக்கா ஆபீசுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நான் இல்லை. அவரே மேற்குக் கோடியில் நின்று கத்திக் கத்தி ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மத்தியானத்துக்கு மேலே ஒரு ஆள் மிளகாய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சந்தைக்கு நேரமாகிறது என்றார். அக்கா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் உதறிவிட்டு நடந்தார். தண்ணீர் அப்போது பாலத்துக்கு மேலே முழங்கால் அளவு போய்க்கொண்டிருந்தது. நடு வளைவு வரைக்கும் போனார்.

நான் மறுநாள் வந்தேன். மூட்டைக்காரர் வெள்ளத்தோடு போய்ச் செத்துவிட்டார் என்றார்கள். உட்கார்ந்து டைரியில் எழுதினேன்: காலை எட்டு மணிக்குப் பாலத்துக்குப் போய் ரெண்டு கோடியிலும் முள் அடைத்தேன், வெள்ளம் முள்ளை அடித்துப் போய்விட்டது. எழுதிவிட்டு நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, இன்சினியரு விசாரணைக்கு வாராரு. நான் காலையில வந்து போனேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேலை போயிரும். தங்கச்சி கல்யாணம் நின்னுரும்."

"கேக்கலைன்னா சொல்ல மாட்டேன்" என்றார்.

"கேட்டா?"

அக்கா உள்ளே போய்விட்டார்.

இன்சினியர் வந்தது நாலு நாள் கழித்து. பாலத்து மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போகத்தான் அவருக்கும் விருப்பம்.

"செத்தவன் குடிச்சிருந்தானாம்மா? வாடை அடிச்சிருக்குமே?"

"மிளகா வாடைதான் அடிச்சது."

அவர் என் டைரியைப் புரட்டினார். டைரியை மூடப் போனவர், என்ன நினைத்தாரோ, தலையை நிமிர்த்தி, "ஓவர்சியர் காலையில வந்து முள் அடைச்சாரில்ல?" என்றார்.

"நான் பாக்கல."

"நீ பாக்கலையா, அவர் வரலையா? சரியாச் சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "விடியக்காலம் தொட்டுப் பொழுதடைய நான் அங்கனதான் நின்னேன். இங்கன வந்தவுக எல்லாரையும் பாத்தேன். ஓவர்சியரய்யாவப் பாக்கல" என்றார். அவருடைய குரல் அப்போது கம்மியிருந்தது. அதை நான் அன்றைக்கு ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தினார்கள், பதவியில் ஒரு படி இறக்கி மண்டபத்துக்குத் தூக்கியடித்தார்கள். தங்கச்சி சம்பந்தம் நின்றுபோய் வேறு இடத்தில் அமைய மூணு வருஷம் ஆனது. போகும்போது நான் அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. செத்தவர் ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அப்போது நினைவில் நிற்கவில்லை. ரெண்டு வருஷப் பழக்கத்தில் அந்தப் பொம்பளை ஒரு வார்த்தையைக்கூட எனக்காக வளைக்கவில்லையே என்றுதான் மனசு எரிந்தது. மண்டபத்தில் இருந்த மூணு வருஷமும் அந்த எரிச்சலைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்றே சொல்லலாம்.

மண்டபத்தில் கடலோரக் கொட்டகை ஒன்றைப் பழுது பார்க்கும் வேலை நடந்தது. பக்கத்திலேயே படகுகளைக் கரையேற்றி ஓடாவிகள் பலகை மாற்றிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வேலைக்கு ஒரு மரத்தைச் செதுக்கிக் கொடுக்க அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர். பேச்சுக்கொடுத்தபோது நான் முன்னால் எங்கே இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கை நின்றது.

"அங்கன ஆத்துல ஒரு கல்பாலம் உண்டே. இருக்கா?"

"இருக்கு."

"பாலத்துக்கிட்ட ஒரு கெழவி... இருக்காகளா?"

அப்போதுதான் அவர் இடதுகையைப் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை.

"இருக்காக. கண்ணு சரியாத் தெரியல. வருஷா வருஷம் உங்க பேருக்குப் பூசை வைக்கிறாக" என்றேன்.

அவர் மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வள்ளம் உடைந்து, பலகையைப் பிடித்துக் கிடந்தவரை இலங்கைப் படகு ஒன்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டார். அங்கே ஒரு பெண், ரெண்டு பிள்ளைகள். போன வருஷம்தான் குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்தவர், அறுபது மைல் தாண்டி ஊருக்குப் போகத் துணியவில்லை. "வேணாம்னு சொன்ன ரெண்டு பேர இழுத்துட்டுப் போயி வாரிக் குடுத்துட்டேன். அவுக பொஞ்சாதி பிள்ளைக முன்னாடி எந்த மூஞ்சியோட போயி நிக்கிறது?" என்றார். பிறகு மரத்தூளைக் கையால் கூட்டிக்கொண்டே, "அவ... அங்கனதான் இருக்காளா?" என்றார்.

"இருக்காக. கலர்ச் சேலதான் கட்டுறாக."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்தார். "என்னயப் பாத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீக. ஒங்களக் கும்புடுறேன்."

பத்துப் பதினைந்து நாள் நான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். கடைசியில் இழுவைப் பாலத்துக்குப் புறப்பட்டுப் போனேன். அக்காவுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று போனேனா, அவருடைய வார்த்தையால் நான் பட்டதை என் வார்த்தையால் அவரும் படட்டும் என்று போனேனா, எனக்கே தெரியாது. ரெண்டும் இருந்திருக்கும்.

பாலத்துக்கு அரை மைல் மேலே புதுப்பாலம் கட்டித் திறந்திருந்தார்கள். பஸ் அதன் வழியே போனது. பழைய பாலத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கைப்பிடிச் சுவரில் நாரைகள் உட்கார்ந்திருந்தன. நான் கிழக்கேயிருந்து நடந்து வருவதை அக்கா அதேபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இந்தத் தடவை குனியவில்லை. எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி" என்றார். நான் அவருக்கு மேலே அதிகாரியாக இருந்தபோது ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"கையப் பாத்தீகளா?"

"பாத்தேன்க்கா."

அக்கா படியில் இறங்கிப் போய்த் தூணில் அன்றைய அளவைப் பார்த்தார். மேலே வந்து நோட்டில் எழுதினார். எழுத்து கோணவில்லை. பிறகு, "என்னயக் கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும்" என்றார். கிழவியிடம், ஆபீஸ் வேலையாக இல்லை, என் சொந்த வேலையாகப் போகிறேன், என்னவென்று வந்து சொல்கிறேன் என்றார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். உச்சிப்புளி தாண்டும் வரைக்கும் அக்கா மடியில் கையைக் கோத்து வைத்திருந்தார். மண்டபம் நெருங்குகிறபோது, "அன்னைக்கு நீங்க கேட்டபடி நான் பொய் சொல்லியிருந்தா, இப்ப நீங்க சொல்றத நான் நம்பியிருப்பேனான்னு தெரியல" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். மூணு வருஷமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது அந்த இடத்தில் அணைந்துவிட்டது.

அக்காவின் புருஷன் ஒரு படகுக்கு அடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அக்கா இருபது அடி தள்ளி நின்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தவர், அக்காவைப் பார்த்தார். வாளி கையிலிருந்து விழுந்தது.

ஒருவரும் அழவில்லை, கத்தவில்லை. அக்காதான் முதலில் பேசினார். "மாமி இருக்காக. நீங்க இருக்கறது அவுகளுக்குத் தெரியாது. நான் போயிச் சொல்லப் போறேன்."

"நான் ஒனக்குச் செஞ்சது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"முடி நரைச்சுப்போச்சே ஒங்களுக்கு" என்றார் அக்கா.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு ஆண்பிள்ளை. நல்ல முகம். "யாருங்க? உக்காருங்க" என்று பெஞ்சை இழுத்துப் போட்டாள். அந்த மனுஷன் விழுந்த வாளியை எடுக்கக் குனிந்தார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"இவுக ஊருக்காரி. இவுக அம்மா எங்கிட்டதான் இருக்காக" என்றார்.

தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெண்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். திரும்பிவிட்டோம்.

கிழவியிடம் அவர் சொன்னபோது நானும் இருந்தேன். கிழவி முதலில் சண்டைக்கு வந்தாள். பிறகு தடவித் தடவி வந்து மருமகளின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்தியா? ஏட்டி, நீ ஒங்கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் மாமி."

கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்து, பிரசவம் பார்த்தவளிடம் கேட்கிற மாதிரி, "ஆம்பளப் பிள்ளையும் இருக்கா? ஆம்பளப் பிள்ளையும் இருக்கா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். வேறு எவள் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். அன்றைக்கே வெள்ளைச் சேலையை மாற்றினாள். விஷயம் கடற்கரை ஊருக்குப் போய், செத்த ரெண்டு பேர் வீட்டாரும் வந்து கேட்பதற்கு முன்னால் மகனிடம் போய்விட வேண்டும் என்று துடித்தாள். தன்னை இத்தனை வருஷம் வைத்துக் கஞ்சி ஊற்றியவள் இனி யாரோடு இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. பெற்றவளுக்கு அது தோன்றாதது எனக்குத் தப்பாகவும் படவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னீகளாக்கா? அவுகளும் போயிருவாகளே" என்று கேட்டேன்.

"செத்துட்டான்னு நெனச்ச மகன் இருக்கான். அத எப்படித் தம்பி சொல்லாம வச்சிருக்க?" என்றார். தாலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "அவுக இருக்காகளே. எதுக்குக் கழத்தணும்?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் கிழவியை பஸ் ஏற்றிவிட நான் வந்தேன். புதுப்பாலத்தில் போனால் பஸ் பக்கம். ஆனால் கிழவி பழகிய பாலத்தில்தான் நடப்பேன் என்றாள். அகலம் போதாதே. அக்கா முன்னால் பின்பக்கமாக நடந்து, கிழவியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கால எடுத்து வைங்க மாமி, இங்கன மேடு, இங்கன கல்லு பேந்திருக்கு" என்று அடி அடியாகக் கூட்டிப் போனார். நான் மூட்டையோடு பின்னால் போனேன். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டதும் கிழவி அவசரப்பட்டாள்.

நான் போய்ச் சொன்னதில் மகன் மண்டபத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பியிருந்தார். பஸ்ஸில் ஏற்றி அவரிடம் ஒப்படைத்தோம். கிழவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மருமகளின் தலையைத் தடவினாள். "நீயும் வந்துரேன்" என்றாள். பஸ் கிளம்புகிற சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. அக்கா தலையை ஆட்டினார். பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் தூசிக்குள்ளேயே நின்றார்.

நாங்கள் திரும்பி வந்தோம். மத்தியானமாகிவிட்டது. நான் சொல்லிக்கொண்டு புறப்படப் போனேன். அடுப்பங்கரைக்குள் போன அக்கா பானையைத் திறந்துவிட்டு அப்படியே நின்றது வாசலிலிருந்து தெரிந்தது.

"ரெண்டு பேருக்குப் பொங்கி வச்சுட்டேன். உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். அவரும் எதிரே தட்டைப் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"உப்பு கூடிப்போச்சுக்கா."

அவர் ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தார். "ஆமா" என்றார். பிறகு சிரித்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.